ஒத்துக்கிட்டான்னா முடிஞ்சு போச்சா?

மே 4, 2025

சென்னிமலையிலிருந்து ஒருவர் கேட்டது:

"சிவகிரிப் பக்கம் தோட்டத்துச் சாளைல வயசான புருஷன் பொண்டாட்டியைக் கொன்னுட்டாங்க. போன நவம்பர்ல பல்லடம் பக்கம் ஒரே வீட்டுல மூணு பேர். எங்க அப்புச்சியும் அம்மிச்சியும் தோட்டத்துலதான் தனியா இருக்காங்க. போலீஸ் ஒருத்தனைப் பிடிச்சு, அவனும் ஒத்துக்கிட்டான்னா அப்புறம் என்னங்க வருஷக்கணக்குல விசாரணை? அப்பாவி மாட்டிக்குவான்னு பேசறவங்க எங்க காட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும். செய்யாதவன் எதுக்குங்க ஒத்துக்குவான்?"

மே 4, இரவு

நான் திருப்பூரில் வக்கீல். இலவச சட்ட உதவி வழக்குகள்தான் அதிகம் பார்க்கிறேன். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். ராத்திரி நாய் விடாமல் குரைத்தால் எனக்குப் போன் வரும். அதனால் உங்கள் பயம் எனக்கும் உள்ள பயம்தான்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்று பதில் சொல்கிறேன். 1989 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடப் போன ஒரு பெண்ணை அடித்து, வன்புணர்வு செய்து, சாகும் நிலையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஊரே கொதித்தது. 14 முதல் 16 வயது வரையுள்ள ஐந்து பையன்களைப் பிடித்து மணிக்கணக்கில் விசாரித்தார்கள். நான்கு பேர் வீடியோ முன்னால் ஒத்துக்கொண்டார்கள். ஐந்து பேருக்கும் தண்டனை. 2002-ல், வேறு வழக்கில் சிறையில் இருந்த ஒருவன் தான் ஒருவனே செய்ததாகச் சொன்னான். டி.என்.ஏ. அவனோடு பொருந்தியது. அந்த ஐந்து பேரோடு பொருந்தாது என்பது வழக்கு நடந்தபோதே தெரியும். ஆனாலும் "ஒத்துக்கிட்டாங்களே" என்ற ஒன்று எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது.

ஏன் ஒத்துக்கொண்டார்கள்? "சொல்லிட்டா வீட்டுக்குப் போகலாம்" என்று நம்பினார்கள். தூக்கமில்லை, பயம், பக்கத்து அறையில் இருக்கிறவன் உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான் என்ற பொய். அடியே விழ வேண்டும் என்பதில்லை.

உங்கள் அம்மிச்சியை நினைத்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். அந்தப் பையன்கள் உள்ளே இருந்தபோது உண்மையான ஆள் வெளியே இருந்தான். 1989 ஜூனிலேயே இன்னொரு பெண்ணைக் கொன்றான்.

மே 5

"ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்தது செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது. வெள்ளைக்கார அரசு கருணையால் அதை எழுதவில்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் வாக்குமூலத்துக்கும் ஆட்களைச் சித்திரவதை செய்வதை விசாரிக்க அமைத்த ஆணையம் 1855-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. நம்மூர்க் காவல் சாவடிகளில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். அதில் இது 23-ஆவது பிரிவு. விதிவிலக்கும் கூடவே வந்திருக்கிறது. பழைய 27-ஆவது பிரிவு என்று எங்கள் ஆட்கள் இன்னும் சொல்வார்கள். காவலில் இருப்பவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். "அருவாளை இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்" என்பது செல்லும். "அதால்தான் வெட்டினேன்" என்பது செல்லாது. 1946 டிசம்பரில் புலுக்குரி கோட்டையா வழக்கில், அப்போது நம் வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த கோடு இது.

நம் வழக்குகள் நிற்பதும் சாய்வதும் இந்த இடத்தில்தான். நாளைக்கு எழுதுகிறேன், காலையில் வாய்தா இருக்கிறது.

மே 7

ஒரு கொலை வழக்குக் கட்டை எடுத்துப் பாருங்கள். எந்த ஊர் வழக்காக இருந்தாலும் வாக்குமூலத்தின் கடைசி வரி ஒன்றாகவே இருக்கும்: "என்னை அழைத்துச் சென்றால் மேற்படி ஆயுதத்தை மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்." பள்ளிக்கூடம் போகாத ஆள், ஆட்டுக்காரர், கரும்பு வெட்டுகிறவர், எல்லாரும் இதே தமிழ் பேசுவார்கள்.

அப்புறம் மகஜர். பொருளை எடுத்தபோது இரண்டு பேர் பார்த்ததாகக் கையெழுத்து. சட்டம் கேட்பது அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, யார் பக்கமும் சாராத, மதிப்பான ஆட்களை. நடைமுறையில் பல வழக்கில் வருவது ஸ்டேஷனுக்கு எதிர்த்த டீக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடைப் பையன், ஏற்கெனவே ஏதோ ஒரு கேஸில் சிக்கி ஸ்டேஷனுக்குக் கடமைப்பட்டவர்.

ஒரு வழக்கில் குறுக்கு விசாரணை செய்தேன். அருவாளைச் சோளத்தட்டுப் போருக்குள்ளிருந்து எடுத்ததாக மகஜர். "தட்டுப்போர் கிணத்துக்கு எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். சாட்சி கொஞ்ச நேரம் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், "நான் தோட்டத்துக்குப் போகலீங்க, டேசன்லதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வரவில்லை. என் கட்சிக்காரர் விடுதலையானார். அதற்குள் மூத்த பெண்ணின் படிப்பு நின்று போயிருந்தது. இருந்த கொஞ்ச நிலமும் வக்கீல் செலவுக்கு என்று முதலிலேயே போய்விட்டது. எங்களிடம் வந்தது அதெல்லாம் தீர்ந்த பிறகு.

அவர்தான் செய்தாரா இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். அந்தக் காகிதங்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். ஒழுங்காக எடுத்திருந்தால் அருவாளில் இருந்த ரத்தம் பதில் சொல்லியிருக்கும்.

மே 7, மாலை

"சாட்சி பிறழ்ந்துவிட்டார், காசு கொடுத்திருப்பீர்கள்" என்று ஒருவர். காசு கொடுத்துச் சாட்சியைக் கலைக்கும் வழக்குகள் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் நடக்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதி வைத்தால், கலைக்க ஆளே வேண்டாம். ஒரு கேள்வி போதும்.

மே 9

வி.ஏ.ஓ. விஷயம். இது தமிழ்நாட்டு வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று.

போலீஸிடம் சொன்னது செல்லாது என்பதால், கொலை செய்தவர் நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிச் சரணடைந்தார், அவர் எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்தார் என்று வழக்கு வரும். வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி இல்லையே, அதனால் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம் ஏன் போய்க் கொட்டினார், அதை நம்பலாமா என்று நீதிபதி பார்க்க வேண்டும். சில நீதிபதிகள் மிக நன்றாகப் பார்க்கிறார்கள். சிலர் தேதியும் கையெழுத்தும் சரியாக இருந்தால் மேலே போய்விடுகிறார்கள்.

மே 9, இரவு

பெருந்துறைத் தம்பி எழுதியது: "அக்கா, பட்டா மாறுதலுக்கு நான் அலையாத அலைச்சல் இல்ல, எங்க வி.ஏ.ஓ. கண்ணுலயே படமாட்டேங்கறார். கொலை பண்ணிட்டு வர்றவனுக்கு மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்காரா?"

சிரித்துவிட்டேன். இதையே கோர்ட்டில் வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். "அன்றைக்கு அலுவலக நாட்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள், சரணடைந்தவரை உங்களுக்கு முன்னால் தெரியுமா, உங்கள் அலுவலகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் எவ்வளவு தூரம், அவர் ஏன் ஸ்டேஷனைத் தாண்டி உங்களிடம் வந்தார்?" நல்ல கேள்விதான் தம்பி.

மே 12

நான் போலீஸை வில்லனாக்குகிறேன் என்று ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன், அதனால்தான் தாமதம்.

அவர் சொல்வதில் பெரிய பகுதி உண்மை. ஒரு இன்ஸ்பெக்டர் காலையில் தேர்த்திருவிழா பந்தோபஸ்து, மத்தியானம் அமைச்சர் வருகை, சாயங்காலம் இரண்டு பங்காளிகளின் வாய்க்கால் தகராறு, ராத்திரி கொலை வழக்கு என்று ஓடுகிறார். புலனாய்வுக்குத் தனி ஆட்கள் வேண்டும், சட்டம் ஒழுங்குப் பணியோடு கலக்கக் கூடாது என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் அதைத் தொடங்கச் சொன்னது. ஸ்டேஷன் வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்த மாற்றம் இன்னும் தெரியவில்லை.

இதோடு "தனிப்படை அமைத்து ஒரு வாரத்தில் பிடி" என்று மேலிருந்து வரும் நெருக்கடி. சாலை மறியல், டி.வி. காமிரா, சட்டமன்றத்தில் கேள்வி. அந்த அவசரத்தில், ஆள் யார் என்ற முடிவு முதலில் வந்துவிடுகிறது. சாட்சியம் அதற்குப் பின்னால் அதை நோக்கி நடக்கிறது. கெட்ட எண்ணம் உள்ள அதிகாரி வேண்டியதே இல்லை. "இவன்தான்" என்று உண்மையிலேயே நம்புகிற ஒரு நேர்மையான அதிகாரி போதும். நம்பிக்கை வந்தபிறகு பொருந்தாத கைரேகை சின்ன விஷயமாகிவிடும். பொருந்தாத நேரம் சாட்சியின் ஞாபகக் குறையாகிவிடும்.

என் வாதம் முழுவதும் இதுதான். தப்பான தண்டனை தீர்ப்பு நாளில் பிறப்பதில்லை. பிடித்த முதல் சில நாளில், வக்கீல் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அது எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குமேல் செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் அந்தக் காகிதத்தைத்தான் படிக்கின்றன.

மே 13

என் பெரியம்மா கதையைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்கிறேன்.

விடியக்காலை கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். குரங்குக் குல்லா போட்டிருந்தான். முகம் தெரிந்தது கண்ணும் மூக்கும். சில நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் போனில் ஒரு படத்தைக் காட்டி "இவனாங்க?" என்றார். பெரியம்மா "இருக்கும்" என்றார். அப்புறம் ஜெயிலில் மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு. வரிசையில் நின்ற ஆட்களில் அவனைத் தொட்டுக் காட்டினார். கோர்ட்டில் சாட்சி சொன்னபோது "இவனேதான், சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார்.

"இருக்கும்" எப்படி "இவனேதான்" ஆயிற்று? போனில் பார்த்த முகம் கட்டுத்தரையில் பார்த்த முகத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவரிடம் நான் இதைப் பேசிப் பார்த்தேன். இன்றும் அவர் அவன்தான் என்கிறார். குடும்பத்தில் எனக்கு அதனால் கொஞ்சம் கெட்ட பேர்.

1984-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி தன்னைக் கெடுத்தவனின் முகத்தை வேண்டுமென்றே உற்றுப் பார்த்து மனதில் ஏற்றினார், தப்பித்தால் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று. படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரை அடையாளம் காட்டினார். நேரிலும் காட்டினார். ஆயுள் தண்டனை. பிறகு நடந்த மறு விசாரணையில் உண்மையான குற்றவாளியையே கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றார். 1995-ல் டி.என்.ஏ. சோதனை காட்டனை விடுவித்தது. பிறகு அவரும் காட்டனும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் இதைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்காவில் டி.என்.ஏ. மூலம் விடுதலையான வழக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் கண்ணால் கண்ட சாட்சியின் தவறான அடையாளம் இருந்திருக்கிறது.

மே 13, இரவு

"அப்படீன்னா பெரியம்மா சங்கிலி?" என்று கேட்டிருக்கிறார்கள். வரவே இல்லை.

மே 16

கேமரா, செல்போன் டவர் இருக்கும்போது எதற்கு இந்தப் பழைய கதை என்று கோயம்புத்தூர் ஐ.டி. நண்பர் கேட்கிறார். மிஷின் பொய் சொல்லாதாம்.

பிரிட்டனில் தபால் துறை 1999 வாக்கில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. கிளைத் தபால் நிலையம் நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. திருட்டு, பொய்க் கணக்கு என்று 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். பிழை மென்பொருளில். 2024-ல் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய வேண்டியிருந்தது. அத்தனை பேரும் தனித்தனியாக, "எனக்கு மட்டும்தான் கணக்கு உதைக்கிறதோ" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மூரில் டவர் விவரத்தை வைத்து "சம்பவ இடத்தில் இருந்தான்" என்று எழுதுவார்கள். காட்டுப் பக்கம் ஒரு டவர் பல கிலோமீட்டருக்கு எட்டும். அதற்குள் நான்கு ஊர், இரண்டு மில், ஒரு சந்தை இருக்கும். அந்த ஏரியாவில் இருந்தான் என்பது வரைக்கும்தான் அது சொல்லும்.

ஆனால் கருவியை முறையாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. 2015-ல் வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்ட இளைஞர் கோகுல்ராஜின் வழக்கு. உடன் இருந்த முக்கியச் சாட்சியே பிறழ்ந்துவிட்டார். திருச்செங்கோடு மலைக்கோவில் சி.சி.டி.வி. பதிவுதான் வழக்கைத் தாங்கி நின்றது. வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டு 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை, ஐந்து பேர் விடுதலை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோவிலுக்கே நேரில் வந்து பார்த்தார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பு 2023-ல் உறுதியானது. ஒப்புதல் வாக்குமூலம் இல்லாவிட்டால் கொலைகாரர்கள் தப்பித்துவிடுவார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

மே 19

இன்றைக்கு எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். கொலை வழக்காவது நான்கு பேர் படிக்கிறார்கள். சின்ன வழக்கில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பையன். பக்கத்து அறையில் இரண்டு செல்போனும் கொஞ்சம் பணமும் காணோம். இவனைப் பிடித்தார்கள். நான் வழக்குக் கட்டை வாங்கிப் பார்த்தபோது, "நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன், சம்பவத்தன்று பணத்தேவை காரணமாக..." என்று இரண்டு பக்கம் செந்தமிழ் வாக்குமூலம். கீழே ஒடியாவில் கையெழுத்து. சிறையில் பார்க்கப் போனேன். அவனுக்குத் தெரிந்த தமிழ் சாப்பாடு, சம்பளம், லீவு, ஓ.டி. மொழிபெயர்த்தவர் யார் என்று கட்டில் எங்கும் இல்லை.

"நான் எடுக்கலை" என்றான். சரி, ஜாமீன் போடலாம் என்றேன். ஜாமீன் கிடைத்தது. வெளியே வரவில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், உள்ளூர் ஆளாக, வீட்டு வரி ரசீதோடு. ஊருக்குப் புதிதாய் வந்த பையனுக்கு யார் கொடுப்பார்கள்? கம்பெனி கைகழுவிவிட்டது. தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டேன், வாய்தா தள்ளிப் போனது. அவனுடைய அம்மா ஊரில் படுத்த படுக்கை. அடுத்த முறை போனபோது "அக்கா, ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்களாமே" என்று கூட இருந்த கைதி ஒருவரை வைத்துக் கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். முதல் குற்றம் என்றால் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்தாலே வெளியே விட வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு சொல்கிறது, கொஞ்சம் பொறு என்றேன். அவனால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வாய்தாவில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து அன்று சாயங்காலம் விட்டார்கள். ரயிலேறிப் போய்விட்டான்.

நீதிமன்றக் கணக்கில் அவன் தண்டிக்கப்பட்ட திருடன். தானே ஒத்துக்கொண்டதால் குற்றவாளி என்பதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது, ஆய்வுக்கு எடுக்க யாரும் கிடையாது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேர் இப்படி வீட்டுக்குப் போவதற்காகத் தலையாட்டுகிறார்கள் என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

திருப்பூர், ஈரோடு, கோவை மூன்று மாவட்டத்திலும் வெளிமாநிலத்து ஆட்கள் இல்லாமல் ஒரு தறி ஓடாது, ஒரு கோழிப்பண்ணை நடக்காது. ஸ்டேஷனில் ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்க நமக்கு ஏன் முடியவில்லை?

மே 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "வடக்கத்தி ஆளுகதான் எல்லாத் திருட்டும் பண்றாங்க" என்று மூன்று பேர். நான்காவதாகவும் யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். இதே நினைப்போடு ஒருவர் விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தால் அந்தப் பையன் உள்ளே போவான். எடுத்தவன் அதே காம்பவுண்டில் அடுத்த மாதமும் எடுப்பான்.

மே 22

சிவகிரி வழக்கில் கைது என்று செய்தி வந்ததும் "இப்ப என்ன சொல்றீங்க" என்று கேட்கிறார்கள். அந்த வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். கோர்ட் முன்னால் இருக்கிறது. ஒழுங்கான தடயத்தோடு நிரூபிக்கப்பட வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறேன். அம்மா தோட்டத்தில் கதவைத் திறந்து போட்டுத் தூங்க வேண்டுமென்றால் சரியான ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

மே 25

அந்தியூர்க்காரர் ஒருவர் வீரப்பன் காலத்தை ஞாபகப்படுத்தினார். பயங்கரவாதத் தடுப்புக்கென்று அப்போது இருந்த தடா சட்டத்தின் 15-ஆவது பிரிவு எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக்கியது. 1872-லிருந்து இருந்த காப்பு அங்கே போய்விட்டது. தாளவாடி, கொளத்தூர் பக்கத்து மலைக்காட்டு ஜனங்கள் பலர் மைசூர்ச் சிறையில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். 2001-ல் தடா கோர்ட் பெரும்பாலானவர்களை விடுதலை செய்தது. விடுதலையானவர்கள் வந்து சேர்ந்தபோது வீடு, ஆடு, நிலம் எதுவும் முன்பு போல இல்லை.

தருமபுரி மாவட்டத்து மலைவாழ் மக்களின் ஊரான வாச்சாத்தியையும் இங்கே எழுத வேண்டும். 1992 ஜூன் 20. வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுவதாக ஊரைச் சூறையாடி, 18 பெண்களை வன்புணர்வு செய்து, குழந்தைகளோடு பெண்களைச் சந்தனக் கடத்தல் வழக்கில் சேலம் சிறையில் அடைத்தார்கள். குற்றவாளி என்று எழுதப்பட்டவர்கள் அந்த ஜனங்கள். 2011-ல் தருமபுரி கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 அதிகாரிகளையும் தண்டித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த ஊர்ப் பெண்கள் முப்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்ததால்தான் காகிதம் திருத்தி எழுதப்பட்டது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் குண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனைப் பற்றியும் கேட்டார்கள். அதுவும் தடா வாக்குமூலம்தான். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-ல் சொன்னார். விடுதலையான ஆண்டு 2022. நடுவில் ஒரு மனுஷனின் இளமை போய்விட்டது.

மே 29

"நல்ல வக்கீல் வைத்தால் சரியாகிவிடும்" என்பது பாதி சரி. மத்தியப் பிரதேசத்தில் அனோகிலால் வழக்கு: சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டுப் பதிவு, இரண்டே வாரத்தில் விசாரணை முடிந்து 2013 மார்ச்சில் தூக்கு. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இந்த மாதிரி வழக்குகளுக்குக் குறைந்தது பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் வேண்டும், தயாராவதற்குக் குறைந்தது ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்றது. மறு விசாரணையிலும் தூக்கு. கடைசியில் 2024-ல் விடுதலை.

விடுதலைக்குப் பிறகு? மகாராஷ்டிராவின் அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கில் ஆறு பேருக்கும் தூக்கு என்று 2009-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே 2019-ல் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்றது. ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. அது அந்தத் தீர்ப்பில் மட்டும். பொதுவாக இழப்பீட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-ல் தன் 277-ஆவது அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. இன்னும் வரவில்லை. பொய்யாய்ப் போன பத்து வருஷத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று ஒரு கட்சிக்காரர் என்னைக் கேட்டார். தனியாக ஒரு ரிட் போடலாம் என்றேன். "திரும்பவும் கோர்ட்டுங்களா" என்று எழுந்துவிட்டார்.

ஜூன் 2

முதலில் கேள்வி கேட்ட சென்னிமலைக்காரர் நேற்று தனியாக எழுதியிருந்தார், பொதுவிலேயே பதில் போடச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஒயர் திருட்டாம். மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா என்று கேட்கிறார்.

போங்க. எழுத்து மூலமாகச் சோதனைக்குச் சாட்சியாக அழைத்தால் தக்க காரணமில்லாமல் மறுக்கவும் முடியாது. ஆனால் பொருள் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க. கண்ணால் பார்த்தால் போடுங்க, எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்க. வெற்றுத் தாளில் போடவே வேண்டாம். தேதியும் நேரமும் உங்கள் கைப்பட எழுதுங்க. முன்பு சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும், செல்போனிலேயே எடுக்கலாம். எடுக்கிறார்களா என்று மரியாதையாகக் கேளுங்க. ஒயரை எங்கேயோ எடுத்துவிட்டோம், கையெழுத்து மட்டும் போடுங்க என்றால், "நான் பார்க்கலீங்களே" என்று சொல்லிவிட்டு வாங்க.

பிடிபட்ட பையன் யாராக இருந்தாலும் அவன் வீட்டுக்குத் தகவல் போனதா, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்களா என்றும் கேட்டுப் பாருங்க. வக்கீல் இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கொடுங்க. எந்நேரம் கூப்பிட்டாலும் எனக்கும் சொல்லுங்க, வருகிறேன்.